நீங்கள் சறுக்கிய மிக நீளமான அலையை அளந்து எழுதிவைக்கும் முறை

தருமபுரியிலிருந்து அலைச்சறுக்குக்குப் போகும் நாங்கள், விடியற்காலையில் மாமல்லபுரத்துக் கடலில் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக, முன்னிரவிலேயே அரூர், ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாகக் கிளம்பிவிடுவோம். திரும்பும்போது ஊத்தங்கரைத் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தியதும், இதுவரை பிடித்த அலைகளிலேயே எது நீளமானது என்ற பேச்சு தானாக வந்துவிடும். எங்களோடு வரும் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், கோவளத்தில் முழுதாக ஒரு நிமிடம் நின்றபடியே வந்ததாகச் சொன்னார். கரையிலிருந்து எடுத்த காணொளியைப் பிறகு ஓட்டிப் பார்த்தபோது அது 19 நொடிகள்தான் இருந்தது. அவர் கூட்டிச் சொல்லவில்லை. பலகையின் மேல் எழுந்து நின்றுவிட்டால் அச்சமும் கவனமும் மகிழ்ச்சியும் ஒன்றுகூடி நேரத்தை நீட்டிவிடுகின்றன என்பது எங்கள் எல்லோருடைய அனுபவமும்தான். அந்த 19 நொடிகளை இரண்டு ஆண்டுகள் கழித்தும் அப்படியே எடுத்துப் பார்க்க முடிய வேண்டும் என்ற ஆசையில் நாங்கள் கடைப்பிடிக்கத் தொடங்கிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போட்டிகளில் சறுக்கலின் தரத்துக்கே மதிப்பெண் தருகிறார்கள். எத்தனை மீட்டர் வந்தீர்கள் என்று யாரும் குறித்துத் தருவதில்லை. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியிலும் இதுவே வழக்கம். ஆகவே நீளத்தை நீங்களேதான் அளந்துகொள்ள வேண்டும்.

இதற்கான முதல் வேலையை ஊரிலேயே முடித்துவிடலாம். 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானத்துக்குப் போய், உள்வட்டத்தில் வழக்கமான நடையில் ஒரு சுற்று நடந்து அடிகளை எண்ணுங்கள். எனக்கு 533 அடிகள் வந்தன; அப்படியானால் என் ஓர் அடி 75 சென்டிமீட்டர். ஈர மணலில் நடை சற்றுக் குறுகும் என்பதால், கடற்கரையில் ஒருமுறை நீண்ட கயிற்றை விரித்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். கிணற்று நீர் ஆளை இழுத்துக்கொண்டு போகாது. கடலில் கரையோர நீரோட்டம் உண்டு. முதல் சில பயணங்களில் பயிற்சியாளர் இல்லாமல் இறங்க வேண்டாம், பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றையும் ஒருபோதும் கழற்ற வேண்டாம்.

கடலில் இறங்குவதற்கு முன் கரையில் நின்று அடையாளங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓர் அடையாளம் போதாது. முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வரும் இரண்டு பொருள்கள் வேண்டும்: மணலில் ஏற்றிவைத்த ஒரு படகு, அதற்குப் பின்னால் தூரத்தில் நிற்கும் ஒரு தென்னை. பலகையில் உட்கார்ந்து அலைக்குக் காத்திருக்கும்போது அவை இரண்டும் நேர்கோட்டில் தெரிந்தால் நீங்கள் இருக்கும் இடம் உறுதி. சிறிது நேரத்தில் தென்னை படகைவிட்டு விலகித் தெரிந்தால், நீங்கள் அறியாமலே நீரோட்டம் உங்களை நகர்த்தியிருக்கிறது. நீளத்தை அளப்பதில் பெரும்பாலான பிழை இங்கேதான் நேர்கிறது. இறங்கிய இடத்திலிருந்துதான் அலை தொடங்கியது என்று நினைத்து அளந்துவிடுகிறோம். உண்மையில் அலையைப் பிடிப்பதற்கு முன்பே அறுபது எழுபது மீட்டர் நகர்ந்திருப்போம்.

அலை கிடைத்ததும் எண்ணத் தொடங்க வேண்டிய கணம், இரு கால்களும் பலகையில் பதிந்த கணம். மனத்துக்குள் எண்ணும் எண்ணிக்கை வேகமாக ஓடிவிடும் என்பதால், கரையில் ஒருவர் காணொளி எடுத்தால் அதையே நம்புங்கள். சறுக்கி முடிந்ததும் உடனே கைகளால் துழாவிக் கடலுக்குள் திரும்பாமல், விழுந்த இடத்திலிருந்தே கரையை ஒருமுறை பார்த்து, முடிவுக்கும் இரண்டு அடையாளங்களைப் பிடித்துவையுங்கள். பிறகு கரையேறி, இரண்டு கோடுகளுக்கும் இடையே நடந்து எண்ணுங்கள்.

என்னுடைய நீளமான அலையை இப்படித்தான் அளந்தேன். ஜூலை மாதம், காலை ஏழு மணிக்கு முன்பு. கரைக்காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்ததால் அலையின் முகம் சலவைக் கல்லைப் போல வழவழப்பாக இருந்தது. நேராகக் கரையை நோக்கி வராமல் இடப்பக்கமாகச் சாய்ந்தேன். உடைந்த நுரை முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டே வர, முன்னால் உடையாத பச்சைத் தண்ணீர் எழுந்துகொண்டே இருந்தது. வலது கையை அதன் மேல் வைத்திருந்தேன்; விரல்களுக்கு இடையே நீர் பிரிந்து போனது இன்றும் கையில் இருக்கிறது. கரையோரமாக நடந்து எண்ணியபோது 146 அடிகள் வந்தன. அதாவது ஏறத்தாழ 110 மீட்டர். ஆனால் அந்த நேரத்தில் கரையை நோக்கியும் சுமார் 40 மீட்டர் வந்திருந்தேன். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால் சாய்வாக வந்த தூரம் 117 மீட்டர். காணொளியில் 23 நொடிகள்.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்க வேண்டும். 117-ஐ 23-ஆல் வகுத்தால் நொடிக்கு 5 மீட்டர். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 1 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல், 2 மீட்டர் ஆழத்தில் 4.4 மீட்டர். சாய்வாகச் சறுக்குகிறவர் அலையைவிட வேகமாகப் போவார் என்பதால் 5 மீட்டர் பொருந்துகிறது. நுரையில் நேராக வந்த ஒருவர் 15 நொடியில் 200 மீட்டர் வந்தேன் என்றால் கணக்கு எங்கோ இடிக்கிறது. அவர் வந்தது ஐம்பது மீட்டர் அளவில் இருக்கும்.

சாய்ந்து போவதுதான் நீளத்தின் முழு இரகசியமும். திறந்த மணற்கரைகளில் அலை பெரும்பாலும் ஒரே நேரத்தில் நீளவாக்கில் முழுவதும் இடிந்து விழுந்துவிடுகிறது. நிலமுனை இருந்தால் அலை அதைச் சுற்றி வளைந்து ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குச் சிறிது சிறிதாக உடைகிறது. பெரு நாட்டின் சிக்காமா, நமீபியாவின் ஸ்கெலிட்டன் பே ஆகிய இடங்களில் ஒரே அலையில் கிலோமீட்டருக்கு மேல் போக முடிவது அதனால்தான். ஸ்கெலிட்டன் பேயை ஒருவர் கணினியில் கூகுள் எர்த் படத்தில் கண்டு சொன்னதை அடுத்து, 2008-இல்தான் உலகம் அறிந்தது. அதே செயற்கைக்கோள் படத்தில் உள்ள அளவுகோல், நம் அலைகளைச் சரிபார்க்கவும் உதவும். படகு இடம் மாறியிருக்கலாம், கடற்கரைக் கோயில் மாறாது.

ஆற்றுக்குள் ஏறிவரும் கடலேற்ற அலைகள் தனி வகை. பிரேசிலின் பொரொரோக்கா அலையில் 2003-இல் அந்நாட்டு அலைச்சறுக்கு வீரர் பிக்குருத்தா சலாசார் 37 நிமிடங்களில் 12.5 கிலோமீட்டர் போனார். வகுத்துப் பார்த்தால் அதுவும் நொடிக்கு 5.6 மீட்டர்தான். மாமல்லபுரத்தில் நமக்குக் கிடைக்கும் வேகத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை அறிந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன்.

எழுதுவதை அன்றிரவே செய்யுங்கள். ஊர் வந்து சேரும்வரை தள்ளிப்போட்டால் மற்றவர்கள் சொன்ன அலைகள் உங்கள் அலையோடு கலந்துவிடும். நாள், நேரம், காற்றின் திசை, பலகையின் நீளம், தொடக்க அடையாளம், முடிவு அடையாளம், அடிகள், நொடிகள், பார்த்தவர் யார் என்பவற்றை முதலில் எழுதி, எண்ணில் அடங்காததைக் கீழே தனியாக எழுதுங்கள். கிருஷ்ணகிரிக்காரரின் குறிப்பேட்டில் 19 நொடிகள் என்ற வரிக்குக் கீழே, "முழங்கால் நடுங்கியது, ஆனாலும் மடக்கியே வைத்திருந்தேன்" என்று இருக்கிறது. தேநீர்க் கடையில் இப்போது அவர் அந்த வரியையும் சேர்த்தே வாசிக்கிறார்.