ராப் குழு சொந்தமாக ஆல்பம் உருவாக்கும் முறை

பல ராப் கலைஞர்கள் சேர்ந்து சொந்தச் செலவில் ஆல்பம் உருவாக்கும்போது, ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே, ஒவ்வொரு பாடலின் வரிகளிலும் பீட்டிலும் (ராப்பின் பின்னணித் தாள இசை) யாருக்கு எத்தனை விழுக்காடு உரிமை என்பதை எழுதி, அனைவரும் கையொப்பமிட வேண்டும். நட்பை நம்பி இதைத் தள்ளிப்போடுவது வீண் வம்பு. பழைய பாடலின் துணுக்கை எடுத்து பீட் அமைத்திருந்தால், இசையமைப்பின் உரிமையாளரிடமும் அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். துணுக்கு சிறியது என்பதனால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

குரல்கள் பலவாக இருப்பதால், இயன்றவரை ஒரே அறையில், ஒரே மைக்கில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற டிஜிட்டல் ஒலித்தர அளவில் பதிவு செய்வது நல்லது. இல்லையேல் பாடலுக்குப் பாடல் ஒலியின் தன்மை மாறித் தொகுப்பு சிதறிக் கேட்கும். மாஸ்டரிங் எனும் இறுதி ஒலிச் சீரமைப்பு முடிந்ததும், ஒவ்வொரு பாடலுக்கும் அதன் ஒலிப்பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டைப் பெற்று வெளியிடலாம்.