கரண்ட் வைத்த குடல் ஆறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்பவர்களின் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. முதல் வாரம் நன்றாகச் சாப்பிட்டவருக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வயிற்றால் போகும். உடனே முந்தின நாள் மீன்குழம்பின் மேல் பழி.

குழம்பு பாவம். குடலின் உட்சவ்வு 3 முதல் 5 நாளில் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. குடலுறிஞ்சிகளின் (உட்சவ்வில் விரல்போல நீட்டிக்கொண்டிருப்பவை) நுனியில் பழைய செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். அடிக்குழிகளில் உள்ள ஸ்டெம் செல்கள் பிரிந்து புதியவற்றை மேலே அனுப்பும். அடிவயிற்றில் வைக்கும் கதிர் குடலிலும் படும்; அது பெரிதும் தாக்குவது பிரிந்துகொண்டிருக்கும் செல்களைத்தான். உதிர்வது நிற்காது, வரவு குறையும். தினமும் சிறு அளவாகக் கொடுப்பதால் பாதிப்பு சேர்ந்து சேர்ந்துதான் வெளியே தெரியும்.

இந்தக் கட்டத்தில் பாலைக் குடித்துத் தெம்பேற்றப் பார்ப்பார்கள். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் இருப்பதே குடலுறிஞ்சிகளில்தான். அவை குட்டையானால் பால் வயிற்றைக் கலக்கும். நன்றாகத் தோய்ந்த தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். கீரை, முழுதானியங்களைக் கொஞ்சம் நாள் குறைக்கலாம். ஓ.ஆர்.எஸ். கரைசல் கைவசம் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய தவறு, "வயிறு சரியாகட்டும்" என்று நாமாகவே சிகிச்சைக்கு லீவு போடுவது. இந்தப் புற்றுநோய்க்கு மொத்தக் கதிர்வீச்சையும் 8 வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள்; இழுத்துக்கொண்டே போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும். டாக்டரிடம் சொன்னால் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை தருவார்.

'ஸ்டெம் செல் செத்தால் குடல் அவ்வளவுதான்' என்ற பயமும் வேண்டாம். 2007-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு குடலின் ஸ்டெம் செல்களை அடையாளம் கண்டது. அவை கதிரில் மடிந்தாலும், ஏற்கெனவே வேறு வேலைக்குத் தயாராகிவிட்ட செல்கள் பின்வாங்கி ஸ்டெம் செல்லாகவே மாறுவது எலிகளில் நடந்த சோதனைகளில் தெரிந்தது. பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் வயிறு அடங்கும்.

அப்புறம், எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடவும் கூடாது. மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட மலத்தில் ரத்தம் வரலாம். இது சிறு ரத்தநாளங்கள் கெட்டு, திசு தழும்பேறுவதால் வருவது. மூலம் என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினால் காலம்தான் போகும். கடைசிச் சிறுகுடல் அடிபட்டிருந்தால் பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல் பேதி தொடரலாம்; பி12 வைட்டமினும் குறையலாம். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கப் போனால், கரண்ட் வைத்த கதையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதிர் பட்ட மலக்குடலின் முன்சுவரில் சதை கிள்ளி எடுத்தால் புண் ஆறாமல் துளையாகிவிடும் ஆபத்து உண்டு. தெரிந்தால் டாக்டர் அந்த இடத்தைத் தொடத் தயங்குவார்.