பினாங்கின் ஈரக்காற்றில் கோத்தா ஜி.4 மாதிரி விமானம் செய்வது

1917 ஜூன் 13 அன்று பட்டப்பகலில் லண்டன்மீது குண்டு வீசிய ஜெர்மானிய இரட்டை இயந்திர விமானமான கோத்தா ஜி.4-ஐ 1/72 அளவில் செய்பவர்கள், பெட்டியைத் திறந்ததுமே இரு இறக்கைகளையும் ஒட்டிவிடத் துடிப்பார்கள். அவ்வாறு செய்தால் நடுவில் தூரிகை நுழையாது. ஆகவே கீழ் இறக்கைக்கும் மேல் இறக்கையின் அடிப்பக்கத்துக்கும் முதலில் வண்ணம் பூச வேண்டும். உண்மையான விமானத்தின் இறக்கை விரிவு 23.7 மீட்டர் என்பதால் மாதிரி ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் வரும். அலமாரியை முன்னதாகவே அளந்துகொள்ளுங்கள்.

உடற்பகுதி ஒட்டுப்பலகையால் மூடப்பட்டது, எனவே அதை வழவழப்பாகத் தேய்க்கலாம். துணி போர்த்திய இறக்கைகளில் மட்டும் விலா வரிகள் (துணிக்கடியில் உள்ள சட்டங்களின் கோடுகள்) தெரிய வேண்டும். இயந்திரக் கூடுகள் கீழ் இறக்கையின்மேல் நேராக அமர்கின்றன. தாங்குகால்களில் உயர்ந்து நிற்பவை அடுத்து வந்த ஜி.5 வகையின் கூடுகள், அந்தப் படங்களைப் பார்த்துக் குழம்பக் கூடாது.

விரைவாக உலரும் லேக்கர் வண்ணத்தை மழை நேரத்தில் அடித்தால் வெண்படலம் படியும். ஆயர் ஈத்தாமில் ஒரு மாலை, மலைப்பக்கம் இருட்டுவதைப் பார்த்தும் அவசரப்பட்டு அடித்து, ஓர் இறக்கை முழுவதையும் மாவு பூசியதுபோல் ஆக்கிக்கொண்டேன். வெயில் காயும் நண்பகலுக்குப்பின், சன்னலைத் திறந்து வைத்து, மெல்லிய பூச்சுகளாக அடிப்பதே நல்லது. படலம் வந்துவிட்டால், மெதுவாக உலரும் தின்னரை இலேசாகத் தெளித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இரு இறக்கைகளுக்கும் இடையே இழுத்துக் கட்டப்படும் இழுகம்பிகளே இம்மாதிரியின் உயிர். மேல் இறக்கையைப் பொருத்துவதற்கு முன்பே 0.3 மில்லிமீட்டர் துளைகளை இட்டு, மெல்லிய நைலான் நூலைச் செலுத்தி, துளி சூப்பர் குளூவால் ஒட்ட வேண்டும். தொய்ந்த நூலை இறுக்க, லிட்டில் இந்தியாவில் வாங்கிய ஊதுபத்தியைப் பற்றவைத்து, கனலும் முனையை நூலுக்கு அருகில், தொடாமல், ஒரு நொடி நகர்த்தினால் அது சுருங்கி விறைக்கும், தொட்டால் அறுந்துவிடும்.

சுழல்விசிறிகளை இறுதியில் மாட்டுங்கள். அவை இயந்திரங்களுக்குப் பின்னால் நின்று தள்ளுபவை. ஆயினும் இதழின் புடைத்த முகம் விமானம் பறக்கும் திசையையே நோக்க வேண்டும், தட்டையான முகம் வாலை நோக்க வேண்டும்.