டீக்கலுக்கு எந்த லேசர் பிரிண்டர்? காந்தத்தோடு கடைக்குப் போங்கள்

கோப்பையில் கோலமோ எழுத்தோ பழுப்பு நிறத்தில் பதிக்க ஆசை, ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு இடமும் இல்லை பொறுமையும் இல்லை என்பவர்களுக்கு லேசர் பிரிண்டர் நல்ல வழி. டீக்கல் தாள் என்ற தனித் தாளில் அச்சடித்து, தண்ணீரில் நனைத்து, படம் உள்ள மெல்லிய படலத்தை மட்டும் கழற்றிக் கோப்பையில் ஒட்டிச் சுடுவதுதான் இந்த டீக்கல் வேலை. புதுச்சேரிப் பக்கம் ஸ்டோன்வேர் (அதிக சூட்டில் சுட்ட கெட்டி மண்பாண்டம்) செய்துகொண்டிருக்கும் என்னிடம் புதிதாக வருகிறவர்கள் எடுத்ததுமே கேட்பது, "அக்கா, எந்த மாடல் வாங்கலாம்?" மாடல் பிறகு. முதலில் டோனரை, அதாவது பிரிண்டருக்குள் இருக்கும் அச்சுப் பொடியைப் பார்ப்போம்.

டோனர் பொடியில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக், மெழுகு, கரி மாதிரியான சமாச்சாரம். சூளையில் அதெல்லாம் எரிந்து புகையாகிவிடும். மிஞ்சுவது இரும்பு ஆக்சைடு மட்டும். கோப்பையின் மேல் கண்ணாடி மாதிரி படிந்திருக்கும் கிளேஸ் சூட்டில் இளகும்போது அதுதான் உள்ளே இறங்கி செம்பழுப்பாக நிற்கிறது. தாளில் கறுப்பாக இருந்தது கோப்பையிலும் கறுப்பாக வராது. பொடியில் இரும்பே இல்லையென்றால் கோப்பை வெறுமையாகத்தான் வெளியே வரும்.

கறுப்பு-வெள்ளை ஹெச்பி லேசர்ஜெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் செய்து கொடுப்பது கேனன். அந்த எஞ்சின்களில் பொடியை உருளையோடு பிடித்து வைப்பது காந்தம். அதற்காகவே டோனரில் மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடைக் கலக்கிறார்கள், நிறையவே. ப்ரதர், சாம்சங் வழி வேறு. அவை காந்தம் தேவைப்படாத, கார்பன் கறுப்பு டோனர். வீட்டுக் கணக்கு அச்சடிக்க அருமையான மெஷின்கள், நமக்கு உதவாது. கலர் லேசரில் இருக்கும் கறுப்பும் அதே கதைதான். இங்க்ஜெட் பேச்சே வேண்டாம்.

என் ஓட்டு ஹெச்பி 1020-க்கு. 12ஏ கார்ட்ரிட்ஜ் போடும் அந்தப் பழைய பெட்டியை ஜெராக்ஸ் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கேனன் எல்பிபி 2900-உம் கிட்டத்தட்ட அதன் உடன்பிறப்பு. இரண்டிலும் தாளை ஒவ்வொன்றாகக் கையால் செருகத் தனி வாய் உண்டு. டீக்கல் தாளுக்கு அது ரொம்ப முக்கியம். படம் உருவாகும் உருளையான டிரம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால், தேய்ந்த டிரம் புள்ளி வைத்தால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். அந்தப் புள்ளியும் கோப்பையில் சுட்டுப் பதிந்துவிடும் என்பதால் சொல்கிறேன்.

புது மெஷின்தான் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. 'ஜெட்' இல்லாமல் வெறும் 'லேசர் 107', '108' என்று வரும் ஹெச்பிகள் சாம்சங் வழி வந்தவை. சாம்சங்கின் பிரிண்டர் தொழிலை ஹெச்பி 2017-இல் வாங்கியது. எந்த மாடலானாலும் கார்ட்ரிட்ஜ் எண்ணைப் போட்டு அதன் எம்எஸ்டிஎஸ் தாளை (பொடியில் என்னென்ன ரசாயனம் என்று கம்பெனி தரும் பாதுகாப்புத் தகவல்) தேடி எடுங்கள். கலவைப் பட்டியலில் 1317-61-9 என்ற எண் இருந்தால் அதுதான் இரும்பு ஆக்சைடு. பக்கத்திலேயே எத்தனை சதவீதம் என்றும் இருக்கும். 1333-86-4 மட்டும் இருந்தால் அது கார்பன் கறுப்பு, விட்டுவிடுங்கள்.

அந்தத் தாள் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜுக்குத்தான் பேசும். நம் ஊரில் ரீஃபில் ஆகாத 12ஏ கிடைப்பதே அபூர்வம். "அண்ணே, உள்ளே ஒரிஜினல் பொடியா?" என்று கேட்டால், "ஒரிஜினல்தாம்மா, கம்பெனி ரீஃபில்" என்பார்கள். அதற்குத்தான் காந்தம். மாஸ்க் போட்டுக்கொண்டு, பொடியில் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் தட்டச் சொல்லுங்கள். தாளுக்கு அடியில் காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். இரும்புப் பொடி குட்டிக் குட்டி முள்ளாக எழுந்து நின்று காந்தத்தின் பின்னாலேயே ஓடும். மற்றது அசையாமல் கிடக்கும். இரும்பு உண்டா என்பதைத்தான் காந்தம் சொல்லும். எவ்வளவு என்பது சூளைக்குத்தான் தெரியும்.

பொடி தேறிவிட்டால் மெஷின். பழைய 1020-இல் தாள் இழுக்கும் ரப்பர் உருளை வழுக்கும், பொடியைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசரின் மெல்லிய உறை கிழிந்து கோடு விழும். இரண்டும் மாற்றக்கூடியவையே, அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். செட்டிங்கில் எகனாமி மோடை அணைத்து, டென்சிட்டியை முழுக்க ஏற்றி, தாள் வகையைத் தடிமன் என்று வையுங்கள். தாள் லேசருக்கென்றே விற்கும் தண்ணீர் டீக்கல் தாளாக இருக்கட்டும். இங்க்ஜெட் தாளைப் போட்டால் ஃபியூசர் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு மெஷினையே பிரிக்க வேண்டும். படத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. சாம்பல் நிழல் உள்ள போட்டோவைவிட அழுத்தமான கோடுகள் நன்றாக நிற்கும். சிக்குக் கோலம் இதற்கென்றே பிறந்தது.

ஒட்ட வேண்டியது கிளேஸ் சுட்டு முடித்த பாத்திரத்தில். குமிழி இல்லாமல் ரப்பர் பட்டையால் தள்ளி, ஒரு நாள் காய விடுங்கள். 500 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள், சூளை வாய் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். பிளாஸ்டிக் புகை அப்போதுதான் போகும், நீங்களும் அந்தப் பக்கம் நிற்காதீர்கள். பிறகு 1000-இலிருந்து 1060-க்குள். குறைந்தால் படம் மேலேயே நின்று தேய்ந்துவிடும், கூடினால் கிளேஸ் அதை விழுங்கி வெளிறவைக்கும். உங்கள் கிளேஸுக்கு எது சரி என்பதை உடைந்த துண்டுகளில் வெவ்வேறு சூட்டில் சுட்டுப் பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதானால், டீக்கல் தாள் ஒன்றைப் பையில் எடுத்துப் போய் பணம் கொடுக்கும் முன் அந்த மெஷினிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. 1020-க்கு அங்கே பஞ்சமில்லை.