வீட்டை முழுவதும் புதுப்பிக்கிறீர்களா? இடிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

குளியலறையின் பழைய டைல்ஸை உடைத்து அள்ளியாகிவிட்டது. கொத்தனார் கரணையும் கையுமாக நின்றுகொண்டு, "மிக்சர் குழாய் எந்த உயரத்துல வரணும் சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலம் கடைக்கு ஓடி, கண்ணில் பட்ட ஒன்றை வாங்கி வந்தேன். மறுநாள் குழாய் பதித்து, டைல்ஸும் ஒட்டினார்கள். பத்து நாள் கழித்துக் கண்ணாடித் தடுப்பு வந்தது. அதன் கதவைத் திறந்தால் நேராகக் குழாயில் போய் இடித்தது. புது டைல்ஸ் பதினொன்றை உடைத்துக் குழாயை நகர்த்தினோம். இரண்டு நாள் கூலி, பொருள் எல்லாம் இரண்டாவது தடவை.

விலை உயர்ந்த பொருள் வாங்கியதால் திணறியவர்களைவிட, இடித்த பிறகு யோசித்ததால் திணறியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் சம்மட்டியைத் தொடுவதற்கு முந்தைய வேலைகள்தான். முதல் முறையாக இறங்குகிறவர்கள் இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

படி 1: நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள்

ஓர் அறைக்கு ஒரு பக்கம். சுவர், தரை, கூரை, கதவு, ஜன்னல், குழாய், மின்சாரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "பழசாக இருக்கிறது" என்று எழுதினால் பின்னால் உதவாது. "ஜன்னலுக்குக் கீழே இரண்டு அடி அகலத்துக்குப் பெயிண்ட் உப்பியிருக்கிறது" என்று எழுதினால்தான் அதற்கு விலை போட முடியும்.

மூன்று சோதனைகளை நீங்களே செய்யலாம்.

தண்ணீர் மீட்டர் இருந்தால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொட வேண்டாம். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

ஓதம் அடிக்கும் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் துளி இருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. முதலாவதற்குக் கசிவைத் தேட வேண்டும். இரண்டாவதற்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனே போதுமானதாக இருக்கலாம். இரண்டுக்கும் ஆகும் செலவில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

அப்புறம் விரிசல்கள். ஒவ்வொரு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில வாரங்கள் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் வளர்கிறது. முடி அளவு விரிசல் பெரும்பாலும் பூச்சோடு போகும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தாலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினாலோ, செங்கல் இணைப்பு வழியே படிக்கட்டு போல இறங்கினாலோ பட்டி வைத்து மூடிவிடாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், இந்த வேலை முழுவதிலும் நீங்கள் யோசிக்காமல் கொடுக்க வேண்டிய பணம்.

வீடு மிகப் பழையது என்றால் இன்னொன்று. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பழைய கூரைத் தகடு, குழாய் உறை, தரை ஓடு போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இவற்றைச் சோதித்துப் பார்க்காமல் சுரண்டவோ உடைக்கவோ விடாதீர்கள். தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப எடுக்க முடியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

படி 2: மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்

நோட்டில் சேர்ந்ததை எல்லாம் கட்டாயம், வசதி, ஆசை என்று மூன்றாகப் பிரியுங்கள். கூரைக் கசிவு, ஆபத்தான வயரிங், துருப்பிடித்த குழாய் ஆகியவை கட்டாயம். சமையல் மேடையை நீட்டுவது, அலமாரி சேர்ப்பது வசதி. தொங்கு விளக்கு ஆசை. வீட்டில் உள்ள எல்லாரும் உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். ஆசைப் பத்தியைப் பார்த்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வெளிப்படையாக எழுதிவிட்டால், நடுவில் திடீரென்று முளைக்காது.

படி 3: கையில் உள்ள பணத்தை வெட்டுங்கள்

உங்களிடம் உள்ள மொத்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக 15 பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். சுவரைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கான பணம் இது. பழைய வீடு என்றால் 20. இது சோபா வாங்குவதற்கான மிச்சம் அல்ல, தொடாதீர்கள்.

அடுத்து, எஸ்டிமேட்டில் வராத செலவுகள். அனுமதிக் கட்டணம், வரைபடக் கட்டணம், வரி, இடிபாட்டுக் கழிவை அள்ளும் வண்டி, பொருளை ஏற்றி இறக்கும் கூலி, வேலை நடக்கும்போது வேறு இடத்தில் தங்கும் வாடகை, சாமான்களை வைக்க இடம், கடைசியில் வீட்டைக் கழுவும் செலவு, கடன் வாங்கியிருந்தால் அந்த மாதங்களின் வட்டி. ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும். கூட்டிப் பாருங்கள், சுலபமாக 10 பங்கைத் தொடும்.

ஆக, உங்களிடம் இருப்பது 100 இல்லை. 70 முதல் 75 வரைதான். கான்ட்ராக்டரிடம் பேசும்போது உங்கள் மனதில் இருக்க வேண்டிய எண் இதுதான்.

பணம் போதவில்லை என்று தெரிந்தால் எதை வெட்டுவது? என் கருத்து: சுவருக்குள் மறையும் எதிலும் கை வைக்காதீர்கள். வயர், குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவற்றில் நல்ல தரமே போடுங்கள். அலமாரிக் கதவை இரண்டு வருடம் கழித்தும் மாற்றலாம். சுவருக்குள் போன குழாயை மாற்ற வேண்டுமானால் டைல்ஸும் சேர்ந்து போகும். பின்னால் ஏசி வைக்கும் எண்ணம் இருந்தால், இப்போதே காலிக் குழாயை மட்டும் பதித்து மூடி போட்டுவிடுங்கள். வயரைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

படி 4: அளந்து கணக்குப் போடுங்கள்

ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். 8 அடி நீளம், 5 அடி அகலம். தரை 40 சதுர அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 182 சதுர அடி. கதவு இரண்டரை அடிக்கு 7 அடி, அதாவது பதினேழரையைக் கழித்தால் 164.5. தரையோடு சேர்த்து 204.5. வெட்டும்போதும் உடையும்போதும் வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 225. மூலைக்கு மூலை சாய்வாகப் பதிக்கப் போகிறீர்கள் என்றால் 15 சதவீதம் சேர்ப்பது நல்லது. தரைக்கும் சுவருக்கும் ஒரே டைல்ஸ், ஒரு பெட்டி 16 சதுர அடி என்று வைத்தால் 15 பெட்டி வேண்டும். தரைக்கு வேறு டைல்ஸ் என்றால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண் பார்த்து வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் லேசாக மாறும், அது சுவரில் பளிச்சென்று தெரியும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டைல்ஸ் விலை மட்டும் குளியலறை விலை ஆகாது. பழையதை உடைக்கும் கூலி, கழிவு அகற்றல், மட்டம் செய்யும் பூச்சு, நீர்க்கசிவுத் தடுப்பு, ஒட்டும் பசை, இடைவெளிக்கான கிரவுட், பதிக்கும் கூலி, வடிகால் ஜாலி ஆகியவற்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அளவு, விலை, தொகை என்று மூன்று கட்டம் போடுங்கள். ஓர் அறைக்குப் பொறுமையாகச் செய்துவிட்டால் மற்ற அறைகளுக்கு வழி தெரிந்துவிடும். பழைய தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால், தரை ஏறக்குறைய அரை அங்குலம் உயரும், கதவுகளின் அடியைச் சீவ வேண்டிவரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

படி 5: எல்லா முடிவுகளையும் இப்போதே எடுங்கள்

தாளில் வரைந்தால் மட்டும் போதாது, வீட்டிலேயே வரையுங்கள். கட்டில், சோபா, மேஜை எங்கே வரும் என்று தரையில் டேப் ஒட்டுங்கள். பிறகு சாக்பீஸை எடுத்துச் சுவிட்ச், பிளக், விளக்கு ஒவ்வொன்றையும் சுவரில் அதன் உயரத்தில் குறியுங்கள். கட்டிலில் படுத்தபடி கை நீட்டிப் பாருங்கள், சுவிட்ச் எட்டுகிறதா? கதவைத் திறந்தால் மறைந்துவிடுகிறதா? நான் இதைச் செய்தபோது படுக்கையறையில் மட்டும் நான்கு பாயிண்ட் இடம் மாறியது. சாக்பீஸ் கோட்டை அழிக்க ஈரத்துணி போதும்.

குழாய், வாஷ்பேசின், அடுப்பு, கண்ணாடித் தடுப்பு எல்லாவற்றின் மாடல் எண்ணையும் அளவையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். இன்றே வாங்க வேண்டாம். முடிவு செய்தால் போதும். வாட்டர் ஹீட்டர், ஏசி, அவன், வாஷிங் மெஷின் எவை எவை வரும் என்பதை எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே கொடுங்கள். இவற்றுக்குத் தனித்தனி லைன் தேவைப்படும்.

சுவரை எடுப்பது, மாடி எழுப்புவது போன்றவற்றுக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டுமா என்பதை இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படி 6: கொட்டேஷன் வாங்குங்கள்

குறைந்தது மூன்று பேரிடம், ஒரே பட்டியலைக் கொடுத்து. ஒருவர் "மொத்தமாக இவ்வளவு" என்றும் மற்றவர் வரிவரியாகவும் கொடுத்தால் ஒப்பிடவே முடியாது. வரிவரியாகத் தரச் சொல்லுங்கள். மிகக் குறைவாக வந்த கொட்டேஷனைப் பார்த்து உடனே சந்தோஷப்படாமல், அதில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். கழிவு அகற்றலோ நீர்க்கசிவுத் தடுப்போ இல்லாமல் இருக்கும். அவர் முன்பு செய்த வேலைகளில், முடிந்து ஒரு வருடமாவது ஆன வீடு ஒன்றைப் பாருங்கள். புதிதாக முடித்தது எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

படி 7: பணம் கொடுக்கும் முறையை எழுதிக்கொள்ளுங்கள்

தேதி பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள். சிறிய முன்பணம், இடிப்பு முடிந்ததும் ஒரு பகுதி, குழாயும் வயரிங்கும் சோதித்த பிறகு ஒரு பகுதி, பூச்சு, டைல்ஸ் என்று போகட்டும். கடைசி 5 முதல் 10 சதவீதம், குறைகள் எல்லாம் சரிசெய்த பிறகுதான். இதை ஆரம்பத்திலேயே சொன்னால் நல்ல கான்ட்ராக்டர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். நடுவில் மாற்றம் ஏதாவது வந்தால், அதற்கு எவ்வளவு கூடும், எத்தனை நாள் கூடும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கலாம் சார்" என்று விட்டதுதான் கடைசியில் சண்டையாகும்.

படி 8: வேலையின் வரிசை

கூரைக் கசிவும் கட்டமைப்பும் முதலில். பிறகு இடிப்பு, சுவர் வேலை, குழாயும் வயரிங்கும், பூச்சு, நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ், மரவேலை, பெயிண்ட், கடைசியில் விளக்கும் குழாய்களும். மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டி போடும்போது சிமெண்ட் காய நேரம் எடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. பூச்சை ஒரு வாரமாவது நனைக்க வேண்டும். அதன்பின் காய்ந்து பெயிண்டுக்குத் தயாராக ஏறக்குறைய நான்கு வாரம் விடுவது நல்லது. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் உரியும். மாடுலர் அலமாரிக்கு அளவெடுப்பது பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு. அவற்றின் கனத்தால் அளவு மாறிவிடும். தயாராக வாரக்கணக்கில் ஆகும் பொருள்களை முன்கூட்டியே ஆர்டர் கொடுங்கள்.

படி 9: மூடுவதற்கு முன் பாருங்கள்

இந்த ஒரு படியில் மட்டும் தயவுசெய்து நேரில் நில்லுங்கள். குழாய்களில் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே சுவரைப் பூச விட வேண்டும். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்பு காய்ந்ததும், வடிகாலை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று போய்ப் பாருங்கள். டைல்ஸ் பதிக்கும்போது தரைச் சரிவு, குளிக்கும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் இருக்கட்டும்.

திறந்திருக்கும் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை விரித்துப் பிடித்து போட்டோ எடுங்கள். எங்கள் வீட்டில் ஹாலில் அலமாரி மாட்ட டிரில் வைக்கப் போனபோது, போட்டோவில் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் தண்ணீர்க் குழாய் சரியாக அந்த இடத்தில் ஓடியது. ஒரு சாண் நகர்த்தி மாட்டினோம்.

படி 10: குறைப் பட்டியலும் கடைசிப் பணமும்

வேலை முடிந்தது என்று சொன்னதும் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, விளக்கு போட்டு ஒரு முறை சுற்றுங்கள். எல்லா டைல்ஸையும் ஒரு நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அடியில் பசை பிடிக்கவில்லை. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். குறைகளை எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றும் சரியானதும் டிக் அடியுங்கள். கடைசி டிக் விழுந்த அன்று மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பில், உத்தரவாத அட்டை, பெயிண்டின் நிற எண், அந்தச் சுவர் போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, மிஞ்சிய டைல்ஸ் பெட்டியோடு பத்திரமாக எடுத்து வையுங்கள்.