டிஷ்வாஷர் டம்ளரில் வெள்ளைப் பூச்சா? எலுமிச்சையால் சோதியுங்கள்

டிஷ்வாஷரில் கழுவிய கண்ணாடி டம்ளர் வெள்ளை பூத்து வந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். வெண்மை கரைந்தால் அது தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. கரையவே இல்லையென்றால் கண்ணாடியே அரித்துவிட்டது.

கடின நீரிலுள்ள கால்சியம் சூட்டில் படியும், புளிப்புப் பட்டால் கரையும். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர்தான் பெருமை. ஆனால் மெஷினுக்குப் போவது பல வீடுகளில் போர் தண்ணீர். சுண்ணாம்பு என்றால் உப்புத் தொட்டியை நிரப்பி, நீர்க் கடினத்தன்மை செட்டிங்கை ஒரு படி ஏற்றுங்கள். டிஷ்வாஷர் உப்பு மட்டும்தான் போட வேண்டும். சமையல் தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள், தண்ணீரை மென்மையாக்கும் பகுதியைக் கெடுக்கும். அரிப்பு என்றால் நேரெதிர்: பவுடரைக் குறைத்து, சூடு குறைந்த புரோகிராமுக்கு மாறுங்கள். அரித்த டம்ளர் பழையபடி ஆகாது, மற்றவை தப்பிக்கும்.

தடவினால் பிசுபிசுத்தால் இந்தச் சோதனை வேண்டாம். அது குழம்பு எண்ணெய், அடியிலுள்ள ஃபில்டரைக் கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அலுமினியம் கறுப்பதும் பித்தளை மங்குவதும் வேறு சமாச்சாரம். அவற்றை மெஷினில் போடவே கூடாது. ஆச்சி காலத்து எனாமல் தட்டில் எலுமிச்சை வைத்துப் பார்க்காதீர்கள், பளபளப்பு போய்விடும்.