பசிக்காதவருக்கு எழுதிக் கொடுத்த நாலு இட்லி

போன மாதம் எங்கள் உணவியல் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த பெண், எடை குறைக்க வந்த ஒருவரின் தாளில் முதல் வரியாகக் 'காலை உணவு கட்டாயம்' என்று எழுதினார். காலையில் ராஜா மாதிரி சாப்பிட வேண்டும் என்று விளக்கமும் சொன்னார். அவர் என்ன வேலை பார்க்கிறார், எத்தனை மணிக்குப் பசிக்கிறது என்று கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான். எண்ணெயைக் குறை, இனிப்பைக் குறை என்பதையெல்லாம் யாரும் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். காலை உணவு விஷயம் அப்படியில்லை. இதில் புதியவர்கள் செய்யும் தவறுகள் இவை.

பசிக்காதவரைச் சாப்பிட வைப்பது

ஜவுளிக்கடையில் கணக்கு பார்ப்பவர் ஒருவர் என்னிடம் வந்தார். எடை 86 கிலோ. காலையில் ஒரு காபி, அப்புறம் மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு. இருபது வருடப் பழக்கம். நான் நாலு இட்லி, சாம்பார், ஒரு முட்டை என்று எழுதிக் கொடுத்தேன். மதியச் சாப்பாடு தானாகக் குறைந்துவிடும் என்றும் உறுதியாகச் சொன்னேன். குறையவில்லை. மூன்று மாதம் கழித்து 88 கிலோ.

"நீங்க சொன்னதை ஒருநாள்கூட விடலையே மேடம்" என்றார். நான் அவரை நம்பவில்லை. இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. அவர் சரியாகத்தான் செய்திருந்தார், என் தாள்தான் தவறு.

காலையில் சாப்பிடாதவர்களிடம் பருமன் அதிகம் என்று பல கணக்கெடுப்புகள் காட்டியிருப்பது உண்மைதான். ஆனால் அவர்களில் இரவு ஷிப்டு பார்ப்பவர்கள், தூக்கம் கெட்டவர்கள், எடை கூடிவிட்டதே என்று டிபனை விட்டவர்கள் எல்லாரும் இருப்பார்கள். டிபனை விட்டதால் எடை கூடியதா, எடை கூடியதால் டிபனை விட்டார்களா என்று அந்தக் கணக்கிலிருந்து சொல்ல முடியாது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். 2014இல் வெளியான ஒரு சோதனையில் 309 பேரை அப்படிப் பிரித்து 16 வாரம் கவனித்தார்கள். சாப்பிடச் சொன்னவர்களுக்கும் விடச் சொன்னவர்களுக்கும் எடைக் குறைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. 2019இல் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 13 சோதனைகளைத் தொகுத்தபோது, காலையில் சாப்பிட்டவர்கள் நாளுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாக உண்டிருந்தார்கள். அவர்கள் எடையும் டிபனை விட்டவர்களைவிடச் சற்று, அரைக் கிலோவுக்கும் குறைவான அளவு, கூடுதலாக இருந்தது.

உடனே எல்லாரையும் டிபனை விடச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் குறுகிய காலத்தவை, தரமும் குறைவு என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். காலையில் பசிப்பவர் சாப்பிடட்டும், பசிக்காதவரை வற்புறுத்த வேண்டாம். எடைக்கு, நாள் முழுக்க உள்ளே போகும் மொத்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

'மெட்டபாலிசம் நின்றுவிடும்' என்று பயமுறுத்துவது

டிபனை விட்டால் மெட்டபாலிசம், அதாவது உடல் கலோரியை எரிக்கும் வேலை, நின்றுவிடும் என்பார்கள். நிற்காது.

மாத்திரையை விசாரிக்காதது

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் டிபனை விடவே கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழலாம்.

பதினோரு மணியை மறப்பது

'நான் காலையில் எதுவுமே சாப்பிடுவதில்லை' என்பவரிடம், பதினோரு மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று கேளுங்கள். டீக்கடை என்பார். இரண்டு டீ, இரண்டு உளுந்து வடை. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், இரண்டு டீயில் சர்க்கரை மட்டுமே 80 கலோரி. பாலும் வடை குடித்த எண்ணெயும் தனி. இவர் டிபனை விடவில்லை, நேரத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார். பலருக்கு அது கணக்கிலேயே வருவதில்லை, ஏனென்றால் நின்றுகொண்டு சாப்பிட்டது. அதனால் நான் இப்போது முதல் நாள் எந்தத் தாளும் கொடுப்பதில்லை. வாயில் போடுவதையெல்லாம் மூன்று நாள் நேரத்தோடு எழுதி வரச் சொல்லி அனுப்புகிறேன்.